உன்னை நம்பித் தூக்குறேன்

சிவராத்திரிக்கு முந்தின நாள் காலையில் எங்கள் பெட்டி வீட்டு முற்றத்தில் இருந்தவர்களை முதலில் பெயர் சொல்லி வைத்துவிடுகிறேன். அன்றைக்கு இல்லாதவர்கள் எல்லாம் தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் தம்பி நல்லகாமன் இடது காலை முக்காலியில் நீட்டிப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி அன்னக்கொடி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் மகன் அசோக்குமார், மருமகள் திவ்யா. எங்கள் தங்கை இருளாயி. இளைய வீட்டுப் பங்காளி மகன் சூரியபிரகாஷ். நல்லகாமனின் காலைப் பார்க்க வந்துவிட்டு, எழுந்து போகவும் கூச்சப்பட்டு வேப்பமரத்தடி நாற்காலியிலேயே இருந்துவிட்ட யேசுதாஸ் வாத்தியார். அப்புறம் நான். இந்த வகையறாவில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவன். வேறு யாரும் இல்லை.

பெட்டி என்றால் எங்கள் குலசாமி கருப்புக்கு உரிய பெட்டி. சாமியின் பட்டும் சலங்கையும் வெள்ளிப் பிரம்பும் அதற்குள் இருக்கின்றன. வருசம் முழுக்க மூத்த வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், ஒரு தனி அறையில் இருக்கும். சிவராத்திரி அன்று பொழுது சாயும்போது மூத்த வீட்டு ஆண் அதைத் தலையில் தூக்கி, செருப்பில்லாமல், அறுப்பு முடிந்த வயல் வழியாகவும் ஓடை வழியாகவும் நடந்து, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தூக்குகிறவன் விரதம் பிசகக் கூடாது. தூக்குவதற்கு முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘உன்னை நம்பித் தூக்குறேன், பிசகிருந்தா என் வம்சத்தைக் கேளு’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். மூத்த வீட்டில் தூக்க ஆள் இல்லையென்றால் பெட்டி இளைய வீட்டுக்குப் போகும். போனால் திரும்பாது. அதுதான் வழக்கம்.

இத்தனை வருசமும் நல்லகாமன் தூக்கினான். தை மாதம் சர்க்கரையில் அவன் கால் விரல் கறுத்து, மதுரை ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். புண் இன்னும் ஆறவில்லை. வெறுங்காலைத் தரையில் வைத்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். தலைச்சுமை தாங்குகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. ஆகவே இந்த வருசம் மகன் தூக்க வேண்டும்.

“தூக்குறேன் பெரியப்பா. அப்பாவுக்காகத் தூக்குறேன். ஆனா அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன்” என்றான் அசோக்குமார்.

“எந்த வார்த்தைய?”

“நம்பித் தூக்குறேங்கிறத. நான் நம்பல.”

நான் அதிர்ந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நான் குடியிருக்கிற திருப்பரங்குன்றத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே அவனைக் கவனித்திருந்தேன். நெற்றியில் திருநீறு இல்லை. பூ ஏற்றிப் போகிற அவன் குட்டியானை வண்டியில் சாமி படம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. அப்போதே எனக்குச் சந்தேகம். வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். யேசுதாஸ் வாத்தியார் அவனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் குனிந்து தன் குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாயசச்சுட்டுப் போக வேண்டியதுதானடா. ஒம் மனசுக்குள்ள யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?” என்றாள் அன்னக்கொடி.

“சாமி பாக்கும்ல சித்தி” என்றான் சூரியபிரகாஷ். திருமங்கலத்தில் பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கிறான். கையில் காப்புக் கட்டி, காவி வேட்டி உடுத்தி, கழுத்து நிறைய மாலையோடு வந்திருந்தான். “அண்ணனுக்கு இஷ்டம் இல்லன்னா விட்டுருங்க பெரியப்பா. நானும் வெரதத்துலதேன் இருக்கேன். இளைய வீட்டுல நாங்க தூக்கிக்கிறோம்.”

“எந்த வெரதம்டா?” என்றாள் இருளாயி. “வாயத் தொறந்தாச் சால்னா வாடை இங்க வர வருது.”

“அத்தைக்கு நாக்குல வெசம்.”

“ஒனக்கு நாக்குல மசாலா.”

யாரும் சிரிக்கவில்லை. நல்லகாமன் மகனைப் பார்க்காமல் பெட்டி அறைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கண்ணே” என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

மறுநாள் விடியலில் நான் தோட்டத்துக்குப் போனேன். மாசிப் பனி மல்லிகைச் செடிமேல் வெள்ளைத் துணி போட்டது மாதிரி கிடந்தது. வெயில் ஏறினால் மொட்டு விரியும். விரிந்த பூவை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சீந்த மாட்டார்கள். அதனால் புருசனும் பெண்சாதியும் இடுப்பில் துணிமடி கட்டிக்கொண்டு ஆளுக்கொரு வரிசையாகக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் மோட்டார் ரூம் கட்டையில் உட்கார்ந்தேன். திவ்யா தூக்குவாளியிலிருந்து வரக்காப்பி ஊற்றித் தந்துவிட்டு மறுபடி வரிசைக்குப் போனாள்.

“வாத்தியாரு ஒனக்குத் தண்ணி தெளிச்சுட்டாரா? மறைக்காமச் சொல்லு.”

அசோக்குமார் சிரித்தான். “அவரே என்மேல கோவத்துல இருக்காரு பெரியப்பா. ‘சாமியே இல்லன்னு சொல்றதுக்கு, நீ கருப்பையே கும்புட்டுக்கிட்டு இருந்திருக்கலாமேடா’ன்னு வஞ்சாரு.”

“அப்பக் கறுப்புச் சட்டைக் கட்சியா?”

“பூத்தோட்டத்துல கறுப்புச் சட்டை போட்டு நின்னா வெயில் தாங்குமா? நான் எதுலயும் இல்ல.”

“எதுலயும் இல்லாதவனத்தேன் நான் நம்ப மாட்டேன். கோயிலுக்கு வரி குடுக்கப் பிரியமில்லாம இப்பிடிச் சொல்லுறியோ?”

“வரி அப்பா பேர்ல நாந்தேன் குடுக்குறேன். கோயில் கொட்டகைக்குத் தகரம் மாத்துனதும் நாந்தேன். கேட்டுப் பாருங்க.”

கேட்டுப் பார்க்கத்தான் இருந்தேன். “சரி, இதுக்குப் பதில் சொல்லு. இல்லன்னு சொல்றது சுலுவு. வீடு இல்லன்னா நனையணும். கெணறு இல்லன்னா காயணும். இல்லங்கிறத வச்சு ஒரு மனுசன் என்னத்தடா செய்வான்? அதுல நல்லது ஒண்ணச் சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.”

அவன் கை நிற்கவில்லை. மொட்டு மடியில் விழுந்துகொண்டே இருந்தது. “அப்பா வெரல் கறுத்தப்ப அம்மா மஞ்சளும் திருநீறும் கொழச்சுத் தடவிக்கிட்டு இருந்துச்சு. நாந்தேன் வண்டியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.”

“அதுக்குச் சாமி இல்லன்னு சொல்லணுமா? வெரல எடுத்த டாக்டரு நெத்தியில மூணு விரக்கடைக்குத் திருநீறு பூசியிருந்தாரே, நான் பாக்கலையா?”

“சரிதேன். அது ஒங்க பக்கம்” என்று ஒத்துக்கொண்டான். அப்படி உடனே ஒத்துக்கொண்டதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

“சூரியபிரகாச நீ திருமங்கலத்துல எங்கயாச்சும் பாத்தியா?”

அடுத்த செடிக்கு நகர்ந்தான். “பாத்தேன். முந்தாநா. பஸ் ஸ்டாண்டுக் கடையில புரோட்டாவும் முட்டைக் கலக்கியும் தின்னுக்கிட்டு இருந்தான்.”

“காப்புக் கட்டுன கையாலயா? ஏன் நேத்தே சொல்லல?”

“திங்கிறது தப்புன்னு நான் நெனைக்கலையே. நேத்து நான் சொல்லியிருந்தா, பெட்டிக்காகப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகியிருக்கும். அவன் எனக்கும் ஒண்ணு வாங்கித் தாரேன்னான். ‘சாமி கோவிச்சுக்காது, ஒரு கிடா வெட்டிக் கழிச்சுக்கிருவோம்’னான்.” நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டான். “நீங்க நல்லது ஒண்ணு கேட்டீகள்ல. எனக்குக் கிடா வெட்டிக் கழிக்கிற வழி இல்ல பெரியப்பா. தப்புப் பண்ணுனா மன்னிச்சு விடுறதுக்கு மேல ஆளு இல்ல. யாருக்குப் பண்ணுனேனோ அவுக வாசல்லதேன் போயி நிக்கணும். அதனால பாத்து நடக்க வேண்டியிருக்கு.”

“பயமில்லாதவன் எம்புட்டு நாளைக்குப் பாத்து நடப்பான்?”

“நடந்து பாத்தாத்தேன் தெரியும்.”

இப்படியே பேசிக்கொண்டிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இதெல்லாம் எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டுச் சொல்லலாம். அப்போதுதான் அடுத்த வரிசையிலிருந்து திவ்யா, “மாமா, நான் ஒண்ணு சொல்லவா?” என்றாள். என் முன்னால் அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

“சொல்லுத்தா.”

“எம்பிள்ள வயித்துலயே செத்துப் பெறந்துச்சுல்ல. ஓடைப் பக்கம் கொண்டுபோயிப் பொதைச்சாக. எந்த எடம்னு எனக்குக் காட்டக்கூட இல்ல. குறி கேக்கக் கோடாங்கியக் கூப்பிட்டு உடுக்கடிச்சப்ப, நான் தீட்டோட பெட்டி ரூம்பு வாசலத் தாண்டிட்டேன், கருப்புக்குக் கோவம், அதேன் பிள்ளைய எடுத்துருச்சுன்னாரு. அத்தை ஒரு வருசம் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல.” அவள் மொட்டுகளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். “அத்தையக் குத்தம் சொல்லல மாமா. நானும் நம்புனேன். எம்பிள்ளைய நாந்தேன் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். ஒருநா இவுக தோட்டத்துலருந்து வந்து, சேத்துக் காலோட நின்னுக்கிட்டு, ‘கோவப்பட அங்க ஆளே இல்ல திவ்யா’ன்னாக. அன்னைக்குத்தேன் நான் தூங்குனேன்.”



“நீயும் கும்புடறத விட்டுட்டியா?” என்றேன்.

“இல்லையே. போன மாசங்கூட வண்டியூர் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். இவுகதேன் கொண்டுபோயி விட்டாக. முந்தி பயந்துக்கிட்டுக் கும்புடுவேன். இப்பப் பயமில்லாமக் கும்புடுறேன்.”

“ஆறுதலுக்குச் சொல்றதெல்லாம் நெசமாயிருமா?” என்று அசோக்குமாரிடம் கேட்டேன்.

“ஆகாதுதேன். கோடாங்கி சொன்னதும் ஆகாதுல்ல?”

நான் கட்டையிலிருந்து எழுந்தேன். பதில் இல்லாமல் அல்ல. மருமகள் முன்னால் அந்தப் பேச்சை வளர்க்க எனக்குப் பிரியமில்லை. வரப்பில் திரும்பி வரும்போது யேசுதாஸ் வாத்தியார் எதிரில் வந்தார். அவரையும் நிறுத்திக் கேட்டேன்.

“எங்கிட்டயும் வரல சார்” என்றார். “பிள்ளை போனப்ப அவன்கூட ஓடைக்கு நானும் போனேன். ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன். ‘வேணாம் சார், சும்மா பக்கத்துல உக்காருங்க’ன்னான். உக்காந்திருந்தேன். வேறென்ன செய்ய? நீங்க என்னையச் சந்தேகப்படுறீங்க. நான் உங்க கருப்பச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரையும் விட்டுட்டான்.” சிரிக்க முயன்றார். அவர் முகத்தில் எனக்கு இருந்த அதே கவலை இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று வீட்டில் எல்லோருக்கும் பச்சரிசிச் சோறும் பாசிப்பருப்பும்தான். நல்லகாமன், தூக்கப்போவதில்லை என்று தெரிந்தும், காப்புக் கட்டின நாளிலிருந்து விரதம் இருந்தான். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு மூட்ட அன்னக்கொடி சம்மதிக்கவில்லை. ஆகவே அசோக்குமாரும் அத்தனை நாளும் அதைத்தான் தின்றிருக்கிறான். நம்பாமலே அவனுக்கு விரதம் நிறைந்துவிட்டது. இருளாயி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பொழுது இறங்கும்போது உறுமிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மூத்த வீடும் இளைய வீடும் முற்றம் கொள்ளாமல் நின்றன. பெட்டியைத் துடைத்து, மாலை போட்டு, திண்டுமேல் வைத்தாயிற்று. அசோக்குமார் பறித்த மல்லிகைதான் அதன்மேல் சரம் சரமாகக் கிடந்தது. நான் சூடத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தினேன்.

அப்போது நல்லகாமன் கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“என்னங்க செய்யிறீக?” என்று அன்னக்கொடி ஓடினாள்.

“கால் போனாப் போகுது. பெட்டி போகக் கூடாது. நானே தூக்குறேன்.”

துணி சுற்றுச் சுற்றாகக் கீழே விழுந்தது. விரல் இருந்த இடம் சிவந்து ஈரமாக இருந்தது. முன்னால் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்னக்கொடி மகனின் கையைப் பிடித்து ஆட்டினாள். “அடேய், அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லித் தொலையேண்டா. ஒங்கப்பன் காலுடா. எங்களுக்காகப் பொய்யாவாச்சும் சொல்லேண்டா.”

அசோக்குமார் சூடத்தின் முன்னால் வந்து நின்றான். அவன் உதடு அசைந்தது. சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் எங்கள் வீட்டு மானம் அந்த இடத்திலேயே காப்பாற்றப்பட்டிருக்கும். எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு பொய்யோடு நான் ஊருக்குத் திரும்பியிருப்பேன். அவன் வியர்த்துப்போய் நின்றான். பிறகு அப்பனிடம் திரும்பி, “நம்புறது நீங்க. நீங்க சொல்லுங்கப்பா. ஒங்க காலாட்டம் நான் நடக்குறேன்” என்றான்.

“வாய் ஒருத்தன், தலை ஒருத்தனா? இது எந்த ஊரு வழக்கம்?” சூரியபிரகாஷ் முன்னால் வந்துவிட்டான். “இங்க பாருங்க, நானே சொல்றேன், நானே தூக்குறேன்.” கையை நீட்டினான்.

நான் தட்டை இழுத்துக்கொண்டேன். “வெரதம் பிசகாம இருந்தியா?”

“இருந்தேன்.”

“அசோக்கு, பஸ் ஸ்டாண்டுல பாத்ததச் சொல்லு.”

அவனுக்கு விருப்பமில்லை. என்னைப் பார்த்தான், அப்பன் காலைப் பார்த்தான். “புரோட்டாவும் கலக்கியும் தின்னான்” என்றான்.

“பொய்! வயித்தெரிச்சல்ல பேசுறான். நெசம்னா சூடத்துல அடிச்சுச் சொல்லச் சொல்லுங்க!”

“அடிக்க மாட்டேன். பாத்தேன்.”

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சூடம் அடிக்காத சொல்லை எங்கள் முற்றத்தில் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. எனக்கே அவனை முழுக்க நம்பலாமா என்றிருந்தது. அப்போது இருளாயி முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள்.

“ஏலே சூரி, கொஞ்சம் ரோசன பண்ணிப் பாரு. அந்த ரெண்டு வார்த்தையப் பொய்யாச் சொல்லியிருந்தா இவனுக்குப் பெட்டியும் நிக்கும், அப்பன் காலும் நிக்கும். பெத்த அப்பன் காலுக்கே பொய் சொல்லாதவன், ஒம் புரோட்டாவுக்காடா பொய் சொல்லப் போறான்?”

உறுமிக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் இளைய வீட்டுப் பெண்களே சிரித்துவிட்டார்கள். சூரியபிரகாஷ் மாலையைத் தடவிக்கொண்டே, “ஒருநாதேன் பெரியப்பா. பசி. கிடா வெட்டிக் கழிச்சுருவேன்” என்று சொல்லி ஒதுங்கினான்.

மூத்தவன் என்ற முறையில் நான் முடிவு சொன்னேன். சொல் நல்லகாமனுடையது, தலை அசோக்குமாருடையது. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் பெட்டி கைமாறவில்லை. சூடத்தட்டைக் கட்டிலருகே கொண்டுபோனேன். நல்லகாமன் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். “உன்னை நம்பித் தூக்குறேன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். பெட்டியை நானும் இன்னொருவரும் தூக்கி அசோக்குமாரின் தலையில் வைத்தோம். திவ்யா மாமனாரின் காலடியில் உட்கார்ந்து கட்டுத் துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். அன்னக்கொடி பக்கத்தில் குனிந்து மருந்துப் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

கோயில் போய்ச் சேரும்வரை நான் அவனுக்கு இரண்டு எட்டுப் பின்னால் நடந்தேன். அவனைக் கண்காணிக்கத்தான் நடந்தேன். வயலில் அறுத்த நெல்தாள் குத்தி அவன் குதிகாலில் ரத்தம் வந்தது. பெட்டியை எங்கும் இறக்கவில்லை. வீட்டு வாசல்களில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவன் காலைக் கழுவியபோது கூச்சத்தில் நெளிந்தான். பெட்டி தூக்குகிறவன் கையால்தான் திருநீறு வாங்க வேண்டும் என்று ஒரு கிழவி பிடிவாதம் பிடித்தாள். “நீங்களே எடுத்துப் பூசிக்கங்க ஆத்தா, ஒங்க கை போதும்” என்று தட்டை நீட்டினான். யேசுதாஸ் வாத்தியார் கண்மாய்க் கரைவரை வந்து அங்கேயே நின்றுகொண்டார். கோயிலில் பெட்டியை இறக்கியதும் அசோக்குமார் யாரிடமும் சொல்லாமல் அப்பனின் கால் கட்டைப் பார்க்க வீட்டுக்கு நடந்துவிட்டான்.

அவன் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. பயமில்லாத வீடு எத்தனை தலைமுறை நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அவனைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் இப்போது ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது, திருமங்கலம் வரைக்கும் போயிருக்கிறது. வழியில் ஓடைக்கரை ஆவாரஞ்செடியருகே அசோக்குமார் அசையாமல் நின்றானாம், உடம்பெல்லாம் குலுங்கியதாம், கண்ணீர் வடிந்ததாம், கருப்பு அவன்மேல் இறங்கிவிட்டதாம், அன்றோடு அவன் திருந்திவிட்டானாம். இளைய வீட்டார்கூட இதை நம்பி அவனைக் கண்டால் கும்பிடுகிறார்கள். அன்னக்கொடி மறுத்துச் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக்கு இதனால் மரியாதை கூடியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் நின்றது உண்மை. குலுங்கியதும் அழுததும் உண்மை. சாமி இறங்கவில்லை. அது அவன் பிள்ளையைப் புதைத்த இடம்.